ஹேங்கரில் போடும் கையெழுத்துக்கு யார் துணை?

விமானம் ஏறக் காத்திருக்கும்போது கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பாருங்கள். பளிச்சென்று மின்னும் மேல்சட்டையில் ஒருவர் விமானத்தைச் சுற்றி வருவார். குனிந்து டயரைப் பார்ப்பார். இன்ஜின் வாய்க்குள் டார்ச் அடிப்பார். பிறகு மேலே ஏறிப் போய் ஒரு ஏட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஏட்டுக்கு டெக் லாக் (விமானத்தில் கண்ட பழுதும் செய்த வேலையும் எழுதப்படும் பதிவேடு) என்று பெயர். பழுது என்று அதில் ஒரு வரி ஏறிவிட்டால், அதற்கான பதில் வரியும் அவர் கையெழுத்தும் விழாமல் விமானம் கிளம்பக் கூடாது.

விமானிகளுக்குச் சங்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கீழே டார்ச்சோடு நிற்பவருக்குச் சங்கம் உண்டா? பல நாடுகளில் உண்டு. அது என்ன செய்கிறது, உங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டில் விமானப் பராமரிப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அல்லது நீங்களே அந்த வேலையில் இருந்தால், பின்பாதியை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தியாவில் லைசென்ஸ் பெற்றவரை ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், சுருக்கமாக ஏஎம்இ என்கிறோம். அமெரிக்கச் சட்டம் அவரை ‘மெக்கானிக்’ என்கிறது. அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் தங்களை ‘டெக்னீஷியன்’ என்று அழைப்பதையே விரும்புகிறார்கள். பெயர் எதுவானாலும், லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்டு விமானத்தை விடுவிக்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஸ்பேனர் பிடிக்கலாம். அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட உரிமை உள்ள இன்னொருவர் வர வேண்டும்.

அந்தக் கையெழுத்து அவ்வளவு பெரிய விஷயமா? ஆமாம். அமெரிக்க விதிப்படி வேலை முடிந்ததும் பதிவேட்டில் என்ன வேலை செய்தார், எந்தத் தேதியில் முடித்தார் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும் போட வேண்டும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இதை விடுவிப்புச் சான்று (இந்த வேலை முறைப்படி முடிந்தது, விமானம் பறக்கலாம் என்ற உறுதிமொழி) என்கிறார்கள். வருடங்கள் கழித்து ஏதாவது தவறு தெரியவந்தாலும், அந்தப் பக்கத்தைப் புரட்டி அந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

கம்பெனிதானே பொறுப்பு, தனி ஆளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் லைசென்ஸ் அந்த மனிதரின் பெயரில் இருக்கிறது. அது பறிபோனால் அந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, வேறெங்கும் அவர் கையெழுத்துப் போட முடியாது. விமானத்தை நேரத்துக்கு அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்கள் பலர். கையெழுத்துப் போடுவதோ ஒரே ஒருவர். சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொன்னால் இது தெளிவாகும்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று கிளம்பியது. 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தது. கேப்டனின் உடம்பு பாதிக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்டனில் விமானத்தை இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

என்ன நடந்திருந்தது? கிளம்புவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்புதான், ஓர் இரவு ஷிஃப்டில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்து வைக்கும் போல்ட்கள் மொத்தம் 90. அவற்றில் 84 போல்ட்களின் குறுக்களவு 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியான வித்தியாசம் அது. மீதி ஆறும் நீளத்தில் 0.1 அங்குலம் குறைந்தவை.

மாற்றியவர் அனுபவமில்லாதவரா? இல்லை. அந்த ஷிஃப்டின் மேலாளரே அந்த வேலையைச் செய்தார். ஆள் பற்றாக்குறையான இரவு அது. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்தில் இருந்த உதிரிபாகப் பெட்டியில் அதே போலத் தெரிந்ததை எடுத்தார். கழற்றிய பழையவற்றில் பெரும்பாலானவையே சரியான அளவு இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கண்ணாடி மாற்றுவது இருக்கவில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘ஒருவர் தவறான போல்ட் போட்டார்’ என்று மூடிவிடலாம். அல்லது ஏன் ஆள் குறைவாக இருந்தது, ஏன் வெளிச்சம் இல்லை, ஏன் இரண்டாவது கண் பார்க்கவில்லை என்று கேட்கலாம். முதல் வகைக்கு ஓர் ஆளின் பெயர் போதும். இரண்டாவது வகைக் கேள்விகளைத் தனி ஆள் கேட்டால் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். அந்தத் தொழிலில் இருக்கும் ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் விதியே மாறலாம்.

இன்னொன்று, இதைவிடச் சோகமானது. 1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் சிறு விமானம் ஒன்று நடுவானில் உடைந்து விழுந்தது. 14 பேரும் இறந்தார்கள். முந்திய இரவு அதன் வால் இறக்கையின் முன்விளிம்பில் வேலை நடந்தது. ஒரு ஷிஃப்ட் 47 திருகுகளைக் கழற்றியது. அடுத்த ஷிஃப்ட் வந்தது. இடப்பக்கத் திருகுகள் கழன்று கிடக்கின்றன என்ற தகவல் ஒப்படைப்பில் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவற்றைத் திரும்பப் போடாமலே விமானம் காலையில் பறக்கப் போனது.

இரண்டு சம்பவங்களிலும் யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. களைப்பும் அவசரமும் பாதியில் நின்ற தகவலும் சேர்ந்து செய்தவை. 1993-ல் கனடா போக்குவரத்துத் துறையில் இருந்த கார்டன் டூபான்ட் இப்படிப்பட்ட காரணங்களைப் பன்னிரண்டாகத் தொகுத்தார். தகவல் சரியாகச் சொல்லாமை, களைப்பு, மேலிருந்து வரும் நெருக்கடி, ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவது, ‘இங்கே எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்ற வழக்கம் எல்லாம் அதில் உண்டு. ‘டர்ட்டி டஜன்’ (பொல்லாத பன்னிரண்டு) என்ற பெயரில் அந்தப் பட்டியல் உலகெங்கும் பராமரிப்புப் பயிற்சியில் இடம்பிடித்துவிட்டது. ஏஎம்இ மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பார்கள்.

பன்னிரண்டில் என் மனம் நிற்பது ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவதில். ஒரு விமானத்தில் நூற்றைம்பது பயணிகள் உட்கார்ந்தாகிவிட்டது, மேலதிகாரி மூன்றாம் முறை போன் செய்கிறார், மனதில் ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த நிமிடத்தில் இருபத்தைந்து வயதுப் பையனோ பெண்ணோ ‘நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்ல வேண்டுமானால், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற நம்பிக்கை வேண்டும்.

அப்படி நிற்கும் சங்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டா? அமெரிக்காவில் 1972-ல் தொடங்கப்பட்ட புரொபஷனல் ஏவியேஷன் மெயின்டனன்ஸ் அசோசியேஷன், சுருக்கமாகப் பாமா, இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தது. லாப நோக்கம் இல்லாதது. விருப்பப்பட்டவர்கள் சந்தா கட்டிச் சேரலாம். ஊர்தோறும் கிளைகள் வைத்து வளர்ந்தது. பராமரிப்பு வேலைக்கு அதற்குரிய தொழில் மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம்.

மதிப்பு கேட்கச் சங்கமா என்று நினைக்க வேண்டாம். ரைட் சகோதரர்களை உங்களுக்குத் தெரியும். 1903-ல் அவர்கள் பறந்த விமானத்தின் இன்ஜினைச் செய்தவரைத் தெரியுமா? அவர் பெயர் சார்லஸ் டெய்லர். அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். ஆறு வாரத்தில், பெரிய வரைபடம் ஏதும் இல்லாமல், சுமார் 12 குதிரைச்சக்தி தரும் இன்ஜினைக் கடைந்து செய்துவிட்டார். உலகம் அவரை மறந்தது. 1956-ல் அவர் இறந்தபோது கையில் பணமில்லை. அவர் பிறந்த மே 24-ஐத்தான் இன்று அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தத் தொழிலில் ஐம்பது ஆண்டு கழித்தவர்களுக்கு அந்நாட்டு விமானத் துறை கொடுக்கும் விருதும் அவர் பெயரில்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விடாமல் நினைவுபடுத்தியதால்தான் அவருக்கு இந்த இடம் கிடைத்தது.

சரி, அன்றாடம் சங்கம் என்ன செய்கிறது? முதலாவது, படிப்பு. அமெரிக்காவில் ஆய்வு அதிகாரம் (சிறு விமானங்களின் ஆண்டுச் சோதனையை முடித்துக் கையெழுத்திடும் கூடுதல் உரிமை) பெற்ற மெக்கானிக்குகள் அதைத் தக்கவைத்துக்கொள்ள விதிகளில் சில வழிகள் உண்டு. ஆண்டுக்கு எட்டு மணி நேரமாவது அங்கீகரிக்கப்பட்ட வகுப்பில் உட்காருவது அவற்றில் ஒன்று. அந்த வகுப்புகளைச் சங்கக் கிளைகள் நடத்துகின்றன. பெரிய விமானக் கம்பெனியில் இருப்பவருக்குக் கம்பெனியே பயிற்சி கொடுத்துவிடும். ஒரு சின்ன ஊர் ஓடுதளத்தின் ஓரத்தில் தனியாகக் கொட்டகை போட்டு வேலை பார்ப்பவருக்கு, சக தொழிலாளியைச் சந்திக்கும் ஒரே இடம் அந்த வகுப்புதான்.

இரண்டாவது, விதி. அங்கே அரசு ஒரு விதியை மாற்றுவதற்கு முன் வரைவை வெளியிட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று அவகாசம் தருகிறது. விமானக் கம்பெனிகளும் தயாரிப்பாளர்களும் வழக்கறிஞர்களை வைத்து எழுதி அனுப்புவார்கள். ஹேங்கரில் (விமானத்தை உள்ளே நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகை) நிற்பவருக்கு அந்த நூறு பக்கத்தைப் படிக்க நேரமே இருக்காது. சங்கம் அவருக்காகப் படித்து, அவர் சொல்வதை எழுதி அனுப்புகிறது. நம் நாட்டிலும் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் தலைமை இயக்குநரகம்) விதி வரைவுகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளுக்குத் தள்ளுபடி, காப்பீடு என்று சில சலுகைகளும் சங்கங்கள் தருவதுண்டு. அவை இருந்தால் நல்லது. அவற்றுக்காகச் சேர வேண்டாம்.

அப்படியானால் சம்பள உயர்வுக்குப் போராடுமா? இங்கேதான் பலருக்குக் குழப்பம். தொழில் சங்கம் வேறு, தொழிற்சங்கம் வேறு. தமிழில் ஓர் எழுத்துத்தான் மாறுகிறது, ஆனால் வேலை வேறு.

தொழிற்சங்கம் நமக்குப் புதிதல்ல. 1918-ல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் அமைப்புரீதியான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். முதலாளியோடு உட்கார்ந்து சம்பளம், வேலை நேரம், பணிநீக்கம் பற்றிப் பேசுவது அதன் வேலை. தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யும்.

பாமா போன்ற தொழில் சங்கம் சம்பளம் பேசாது. வேலைநிறுத்தம் செய்யாது. எந்தக் கம்பெனியில் வேலை செய்பவரும், சொந்தக் கடை வைத்திருப்பவரும் அதில் சேரலாம். தொழிலின் தரமும் மதிப்பும் பாதுகாப்பும்தான் அதன் பேச்சு.

அமெரிக்காவிலேயே விமான மெக்கானிக்குகளுக்கென்று தனித் தொழிற்சங்கமும் உண்டு. ஏர்கிராஃப்ட் மெக்கானிக்ஸ் ஃபிரட்டர்னல் அசோசியேஷன், சுருக்கமாக ஆம்ஃபா, 1962-ல் தொடங்கியது. பெட்டி ஏற்றுபவர், கவுன்ட்டர் ஊழியர் எல்லோரும் இருக்கும் பெரிய சங்கத்தில் எங்கள் குரல் கரைந்துபோகிறது என்பது அதன் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு.

2005 ஆகஸ்டில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஆம்ஃபா வேலைநிறுத்தம் செய்தது. ஏறத்தாழ 4,400 பேர் வெளியே வந்தார்கள். கம்பெனி மாற்று ஆட்களை முன்பே தயார் செய்து வைத்திருந்தது. மற்றத் தொழிற்சங்கங்கள் கூட வரவில்லை. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. போராட்டம் தோற்றது, பெரும்பாலானோர் அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. தனியாக நிற்பதால் குரல் தெளிவாகும், ஆனால் பக்கத்தில் ஆள் குறையும் என்பதை அவர்கள் கடும் விலை கொடுத்துக் கற்றார்கள்.

நம் நாட்டிலும் இப்படி நிர்வாகத்தோடு மோதல் நடந்திருக்கிறது. 2010 மே மாதம் ஏர் இந்தியாவில் நடந்த திடீர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நிர்வாகம் இரண்டு சங்கங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அவற்றில் ஒன்று விமானப் பொறியாளர்களின் சங்கம். ஆஸ்திரேலியாவில் 2011 அக்டோபர் 29 அன்று குவான்டாஸ் நிறுவனம் தன் விமானங்கள் அனைத்தையும் தரையிறக்கியபோது, அது மோதிக்கொண்டிருந்த மூன்று சங்கங்களில் லைசென்ஸ் பெற்ற விமானப் பொறியாளர் சங்கமும் ஒன்று.

எது நல்லது, இதுவா அதுவா? இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. வயிற்றுப்பாட்டைப் பேச ஒன்று, தொழிலைப் பேச ஒன்று. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், பாதுகாப்பைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையான குறையைக்கூட ‘சம்பளத்துக்காகச் சொல்கிறார்கள்’ என்று தள்ளிவிடுவது எளிதாகிவிடும். பல நாட்டு விமானப் பொறியாளர் சங்கங்கள் சேர்ந்து ஏர்கிராஃப்ட் இன்ஜினியர்ஸ் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பை வைத்திருக்கின்றன. ஒரு நாட்டில் சொல்ல முடியாததை அங்கிருந்து சொல்ல முடிகிறது.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு திருகை மறந்துவிட்டீர்கள், மறுநாள்தான் நினைவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில், அந்த நொடியே மேலதிகாரிக்குச் சொல்லி விமானத்தை நிறுத்த வேண்டும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு? அமெரிக்காவில் 1976 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் முறை அது. விமானி, மெக்கானிக் யார் வேண்டுமானாலும் நடந்ததை எழுதி அனுப்பலாம். நாசா பெயரை நீக்கிவிட்டுத் தகவலை மட்டும் பயன்படுத்தும். வேண்டுமென்று செய்யாத விதிமீறலாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், விபத்தோ குற்றச்செயலோ இல்லாத நிலையில், அபராதமோ லைசென்ஸ் நிறுத்தமோ பெரும்பாலும் தவிர்க்கப்படும். தண்டிக்கும் துறை அல்லாத இன்னொரு நிறுவனத்திடம் தகவலைக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம்.

கம்பெனியே தவறு செய்யச் சொன்னால்? 2000-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, பாதுகாப்புக் குறையை வெளியே சொன்ன விமானக் கம்பெனி ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. பழிவாங்கினால் 90 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். இப்படிப்பட்ட கெடு நாட்களைச் சாதாரண ஊழியர் அறிந்திருப்பதில்லை. சங்கத்தில் இருப்பவர் ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: இவை அமெரிக்கச் சட்டங்கள். இந்தியாவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இவை பொருந்தாது. உங்கள் கம்பெனியின் பாதுகாப்புக் கையேட்டில் தானாக முன்வந்து தகவல் தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்து வையுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி உண்டு. அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளில் பராமரிப்புப் பணியாளருக்குள்ள விதியைப் பாருங்கள்: ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் விடுப்பு, அல்லது அந்த மாதத்துக்குள் அதற்கு ஈடு. ஏறக்குறைய அவ்வளவுதான். விமானங்கள் பகலில் பறப்பதால் பெரும் பழுதுகள் இரவில்தான் பார்க்கப்படுகின்றன. விடியற்காலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மனித உடம்பு தூங்கவே விரும்பும். அந்த நேரத்தில்தான் ஒருவர் போல்ட்டின் அளவைக் கண்ணால் ஒப்பிடுகிறார். விமானப் பொறியாளர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

‘பையன் ஏஎம்இ படிக்கிறான். சங்கத்தில் சேர்ந்தால் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்குமா?’ கிடைக்காது. சங்க உறுப்பினர் அட்டைக்கும் லைசென்ஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியாவில் லைசென்ஸ் கொடுப்பது டிஜிசிஏ ஒன்றுதான். அதன் தேர்வுகளில் தேற வேண்டும், விமானத்தில் கைவேலை அனுபவம் காட்ட வேண்டும். பணம் கட்டினால் லைசென்ஸ் அல்லது வேலை வாங்கித் தருகிறோம் என்று எந்த அமைப்பு சொன்னாலும், அதன் பெயரில் அசோசியேஷன் என்று இருந்தாலும், அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள்.

‘இது பி.இ. மாதிரி பட்டமா?’ இல்லை. ஏஎம்இ என்பது லைசென்ஸுக்கான பயிற்சி. சில கல்லூரிகள் பட்டப்படிப்பையும் சேர்த்து நடத்துகின்றன. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேருவதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ அனுமதி இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று டிஜிசிஏ வெளியிடும் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பி1.1 என்றால் டர்பைன் இன்ஜின் பொருத்திய விமானங்களின் உடலும் இன்ஜினும். பி2 என்றால் ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்).

‘இந்த லைசென்ஸை வைத்து அமெரிக்காவில் வேலை பார்க்கலாமா?’ நேரடியாக முடியாது. இந்திய விதிமுறை ஐரோப்பிய அமைப்பைப் பின்பற்றியது. அமெரிக்க முறை வேறு. அங்கே விமான உடல், இன்ஜின் என்று இரண்டு தகுதிகள். ஒன்றுக்கு 18 மாத அனுபவம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம், அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிப்பு. பிறகு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு. ஐரோப்பாவுக்குப் போகிறவரும் அங்குள்ள லைசென்ஸைத் தனியாக வாங்க வேண்டும். அந்தந்த நாட்டுச் சங்கத்தை முன்பே விசாரித்தால், எந்த அனுபவச் சான்று செல்லும், எது செல்லாது என்பது வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். அப்போது ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

அனுபவப் பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதற்குச் சங்கமே வேண்டாம். அன்றன்று செய்த வேலையை அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரிடம் உடனே கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் சேர்த்து வைத்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

எந்தச் சங்கத்திலாவது சேர அழைப்பு வந்தால் என்ன கேட்பது? யார் நடத்துகிறார்கள், தேர்தல் உண்டா, ஆண்டுக் கணக்கு உறுப்பினர்களுக்குக் காட்டப்படுகிறதா என்று கேளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். விமானக் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் சங்கங்களுக்கு நன்கொடை தருவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பெரும்பகுதிப் பணம் அங்கிருந்தே வந்தால், நீங்கள் கம்பெனியோடு முரண்படும் நாளில் அந்தச் சங்கம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். லைசென்ஸ் விசாரணை வந்தால் வழக்கறிஞர் உதவி உண்டா என்பதையும் கேளுங்கள். சந்தாவுக்கு மதிப்பு அங்கேதான்.

‘எங்கள் ஊரில் அப்படி எதுவுமே இல்லையே?’ என்றால், தொடங்கலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சம்பளம் பேச இந்தப் பதிவு உதவாது. அதற்குத் தொழிற்சங்கமாகப் பதிய வேண்டும். படிக்கவும் பேசவும் வகுப்பு நடத்தவும் டிஜிசிஏ வரைவுக்குக் கருத்து எழுதவும் இது போதும்.

முதல் கூட்டத்துக்குப் பெரிய தலைப்பு வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது தங்கள் ஹேங்கரில் நிரப்பும் ஒப்படைப்புத் தாளின் வெற்றுப் படிவத்தை, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். ஏழு தாள்களையும் மேசையில் பரப்புங்கள். கழற்றியது என்ன, இன்னும் திரும்பப் போடாதது என்ன என்று எழுதத் தனிக் கட்டம் எந்தத் தாளில் இருக்கிறது, எதில் இல்லை என்று பாருங்கள்.